பேரிடர் மதிப்பெண் அட்டை நிரப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கடலோர நகராட்சி ஒன்றில் பொறியியல் பிரிவில் இருக்கிறேன். நகரங்களின் பேரிடர் தாங்குதிறனை அளக்க ஐ.நா. தந்திருக்கும் மதிப்பெண் அட்டையை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல்நிலையில் 47 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். நிதி, சட்டம் எல்லாம் சரி, கோப்பில் கிடைத்துவிடும். சிக்கல் மழைநீர் வடிகாலில்தான். வரைபடத்தில் வாய்க்கால் ஓடும் இடத்தில் இன்று கல்யாண மண்டபம் நிற்கிறது!

2015 வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களே, தெருவாரியாக நீர் தேங்கிய உயரத்தை எப்படித் திரட்டினீர்கள்? சுவர்க் கறையை டேப் வைத்து அளந்து, வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டுக் குறித்து வருகிறேன். அது போதுமா? அப்புறம், கேள்விகளின் தமிழாக்கம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். வார்டு கூட்டத்தில் ஆங்கிலத் தாளை நீட்டினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.