கோமாரிக்கிட்ட லொறி சாஞ்சு நிக்குது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

அண்ணமாரே, சம்மாந்துறையில அரிசி ஏத்திக்கிட்டு கொழும்புக்கு வெளிக்கிட்டன், கோமாரி தாண்டக்குள்ள பின்னுக்கு இடப்பக்கம் டப்பெண்டு ஒரு சத்தம், கண்ணாடியில பார்த்தா லொறிப் பொடி (body) ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. எயார் கேஜ் முள்ளு மெல்ல மெல்ல இறங்குது, 60 PSIக்கு கீழ போனா பசர் அடிக்கும், இன்னும் இறங்கினா ஸ்பிரிங் பிரேக் தானா பிடிச்சு நடு ரோட்டுல நிண்டிருமெண்டு ஓரங்கட்டிட்டன்.

சக்கரத்துக்கு கல்லு வெச்சு, அடியில பூராம பக்கத்தால சவர்க்காரத் தண்ணி அடிச்சுப் பார்த்தன், எயார் பேக் (ஸ்பிரிங் மாதிரி பாரம் தாங்குற ரப்பர் காத்துப் பை) மடிப்புல விரல் நீளத்துக்கு வெடிப்பு, நுரை பொங்குது. பேக்குக்கு காத்த கூட்டிக் குறைச்சு உயரத்த சரி பண்ணுற லெவல் வால்வு கம்பி உடையல்ல.

அந்த பேக்குக்கு போற பைப்ப மட்டும் கழட்டி அடைச்சிட்டு, உள்ளுக்க இருக்கிற ரப்பர் ஸ்டொப்பர்ல பொத்துவில் வரைக்கும் 20ல ஊரலாமா? டயர் பொடியில உரசுமா? பாதி மூட்டய இறக்கத்தான் வேணுமா? டியூப் மாதிரி ஒட்டு போடச் சொல்றான் கிளீனர் பொடியன், அவன்ட கதைய விடுங்க.

பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கம் பேக் வெச்சிருக்கிற கடை தெரிஞ்சாலும் சொல்லுங்க, பேக் நம்பர படம் எடுத்துப் போட்டிருக்கன். யானை வாற ரோடு, இருட்டுறதுக்குள்ள ஆராவது பதில் போடுங்க.