ஆறடி மீன் தொட்டியில் ஜாகுவார் சிச்லிடின் தாக்குதல்: அரோவானாவை எப்படிக் காப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டில் 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட தொட்டியில் ஒரு சில்வர் அரோவானா, இரண்டு ஆஸ்கார், ஒரு ஜாகுவார் சிச்லிட், ஒரு ரெட்டெய்ல் கேட்ஃபிஷ் ஆகியவை குஞ்சுப் பருவத்திலிருந்தே ஒன்றாக வளர்கின்றன. தீனி நேரத்து முட்டல் மோதல் தவிர இதுவரை பெரிய சிக்கல் எழவில்லை. சில வாரங்களாக ஜாகுவார் வலது மூலையிலுள்ள தட்டைக் கல்லை விட்டு நகராமல் நின்று, அந்தப் பக்கம் வரும் ஆஸ்கார்களைத் துரத்திக் கடிக்கிறது. அரோவானாவின் வால் துடுப்பு கிழிந்து, பக்கவாட்டில் செதில்களும் உதிர்ந்திருக்கின்றன. கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் அதையும் தாக்க வருகிறது. கேட்ஃபிஷ் இப்போது ஏறக்குறைய ஒன்றேகால் அடி இருக்கும். அது யாரையும் கடிப்பதில்லை. நடுவில் தடுப்பு வைத்தால் போதுமா? உயிருள்ள மீன்களைத் தீனியாகப் போட்டால் மூர்க்கம் தணியும் என்று சிலர் சொல்வது சரியா?

முதல் பதில்:
நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்கள் ஜாகுவார் இனப்பெருக்கப் பருவத்தை எட்டிவிட்டதாகத் தோன்றுகிறது. நடு அமெரிக்காவின் ஏரிகளைச் சேர்ந்த இந்த மீன், கல்லின் மேல் முட்டையிட்டு அந்த இடத்தைக் கடுமையாகக் காவல் காக்கும் இயல்புடையது; இணை இல்லாத நிலையிலும் பெண் மீன் முட்டையிடுவதுண்டு. எனவே முதலில் அந்தக் கல்லை எடுத்துவிட்டு, மற்ற கற்களையும் கட்டைகளையும் இடம் மாற்றி வையுங்கள். எல்லை அடையாளங்கள் கலைந்துபோனால் ஆதிக்கம் சில நாட்களுக்காவது தளரும்; ஆனால் இதை நிலையான தீர்வாக எண்ணிவிடாதீர்கள். ஹீட்டர் 30 பாகைக்கு மேல் இருந்தால் 26 அல்லது 27 பாகைக்குச் சிறிது சிறிதாகக் குறைப்பதும் நல்லது, ஏனெனில் வெப்பம் கூடும்போது சிச்லிட் வகை மீன்களின் வேகமும் சீண்டலும் கூடுகின்றன.

தடுப்பு வைப்பதென்றால் துளையிட்ட அக்ரிலிக் பலகையை அடிமுதல் மூடிவரை இடைவெளியின்றிப் பொருத்துங்கள்; வளர்ந்த ஜாகுவார் முட்டினால் பிளாஸ்டிக் வலை விலகிவிடும். எனினும் தடுப்புக்குப் பின் அரோவானாவுக்கு மூன்றடிதான் மிஞ்சும். இரண்டடிக்கும் மேல் வளரக்கூடிய அந்த மீனுக்கு அது போதாது. ஆகவே வெளியேற வேண்டியது ஜாகுவார்தான் என்பது என் உறுதியான கருத்து. நான்கடித் தொட்டியில் அதனைத் தனியாக வைத்தால் நலமாக வாழும்.

உயிர்மீன் தீனி வேண்டவே வேண்டாம். இந்தக் கடி இடத்துக்காக, பசிக்காக அன்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் தீனி மீன்களோடு ஒட்டுண்ணிகளும் வந்து சேரும். தங்கமீன்களைத் தொடர்ந்து கொடுத்தால் அவற்றிலுள்ள தயமினேஸ் என்னும் நொதி பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். தரமான பெல்லட் என்னும் உருண்டைத் தீனியும் அவ்வப்போது உறைய வைத்த இறாலும் போதும். அரோவானாவுக்கு ஒரு முனையிலும் மற்றவற்றுக்கு மறுமுனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் இந்தத் தொட்டியில் நான் அதிகம் அஞ்சுவது ஜாகுவாரை அல்ல, கேட்ஃபிஷைத்தான். அது கடிக்காது, விழுங்கும். தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆறுகளில் ஒரு மீட்டருக்கும் மேல் வளரும் இந்த மீன் இரவில் இரை தேடுகிறது; வாய்க்குள் நுழையக்கூடிய எதையும், கூழாங்கல்லையும் ஹீட்டரின் ரப்பர் பிடிப்பையும்கூட விழுங்கிவிடும். இன்னும் சில மாதங்களில் ஆஸ்கார்கள் அதன் வாய்க்குப் பொருந்தும் அளவாகிவிடும், அதற்குப் பின் ஒரு காலையில் மீன் குறைந்திருப்பதைத்தான் காண்பீர்கள். இரண்டடி அகலத்தில் அது திரும்பவே இயலாத நாளும் வரும். பெரிய குளத்தொட்டி வைத்திருப்பவரையோ, திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடையையோ இப்போதே தேடத் தொடங்குங்கள்.

யாரும் வாங்கவில்லை என்பதற்காக ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரப்பைமா, அலிகேட்டர் கார் என்னும் வெளிநாட்டுப் பெருமீன்கள் பிடிபட்டன. 2023இல் ஸ்ரீநகரின் தால் ஏரியிலும் அலிகேட்டர் கார் சிக்கியது. நம் நீர்நிலைகளில் டேங்க் கிளீனர் மீன் பெருகி மீனவர்களின் வலைகளைக் கிழிப்பதும் நாம் கண்ணெதிரே காண்பதுதான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஜாகுவாரையும் கேட்ஃபிஷையும் வெளியேற்ற முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால், பிடிக்கும்போது எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

மூன்றாம் பதில்:
கையை நனைக்கும் முன் ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நீர்மட்டம் இறங்கும்போது ஹீட்டர் சூடாக இருந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும்; பெரிய மீன் துள்ளி அதை உடைத்தால் மின்சாரம் நீரில் பாயும். அந்த இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால், மீனைப் பிடிக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கேட்ஃபிஷின் பக்கத் துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், வலையைத் தவிர்த்து மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை நீரோடு ஓட்டிச் சென்று, இருவராகத் தூக்குங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீண்ட கையுறை அணியுங்கள். தொட்டி நீரிலுள்ள சில நுண்ணுயிர்கள் காயத்தின் வழியே நுழைந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

அந்த அமளியில் அரோவானா நிச்சயம் தாவ முயலும். நீருக்கு மேல் தொங்கும் கிளைகளிலுள்ள பூச்சிகளைத் தாவிப் பிடித்துப் பழகிய இனம் அது. ஆகவே வேலை செய்யும் பக்கம் தவிர மற்றப் பகுதியை மூடி, மேலே பாரம் வையுங்கள். அறை விளக்கைத் திடீரென்று போடாதீர்கள். பிறகு அதன் காயத்துக்கு உடனே மருந்து ஊற்ற வேண்டியதில்லை: மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இருக்கின்றனவா என்று சோதித்து, வாரம் இருமுறை கால் பங்கு நீரை மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து விட்டால் துடுப்பு தானே வளரும். காயத்தின் மேல் பஞ்சு போன்ற வெள்ளைப் படலம் தெரிந்தால் மட்டும் படத்துடன் இங்கே எழுதுங்கள்.