புதுப்பிப்பு: நாய் மாத்திரையை விழுங்கினால் உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

நாய் மனிதர்களின் மாத்திரையை விழுங்கினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடச் சொல்லியிருந்தோம். அதற்குள் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். சில சமயம் மாத்திரையைவிட உப்பே உயிரை எடுத்துவிடும். வாந்திக்கு மருத்துவர் ஊசி போடுவார். விழுங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் என்றால்தான் பலன் அதிகம். தள்ளாடும் நாய்க்கு அதுவும் ஆபத்து, வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

போன் செய்யும்போது நாயின் எடை, மருந்தின் பெயர், மி.கி. அளவு, விழுங்கிய நேரம் கையில் இருக்கட்டும். அட்டையில் காலியான குழிகளை எண்ணுங்கள். வீட்டில் யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று தெரியாவிட்டால் அத்தனையும் நாய் வயிற்றில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடித்துக் குதறிய அட்டையையும் எடுத்துப் போங்கள்.

10 கிலோ நாய் 500 மி.கி. பாரசிட்டமால் இரண்டை விழுங்கினால் கிலோவுக்கு 100 மி.கி.; கல்லீரலைக் கெடுக்கக்கூடிய அளவு. "நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான், பாதிப்பு வெளியே தெரிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். ஈறு பழுப்பேறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். பாரசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்தாவது உண்டு. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரைக்கு அப்படி எதுவும் கிடையாது; வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு இரண்டையும் தடுக்கத்தான் போராட வேண்டும்.