[கலைச்சொல்] ‘டூ-ஐட் சீயிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

கனடாவில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்காகப் பூர்வகுடிக் கல்வி பற்றிய ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி சிக்கலில்லாமல் ஓடிவிட்டது. நியூசிலாந்தில் மாவோரிகள் 1982இல் தொடங்கிய ‘கோஹங்கா ரேயோ’வுக்கு ‘மொழிக்கூடு’ என்று போட்டேன். பெரியவர்கள் மடியில் குழந்தை மாவோரி மொழியிலேயே வளரும் இடம் அது. கூடு என்றால் யாருக்கும் புரியும். மாட்டிக்கொண்டது ‘டூ-ஐட் சீயிங்’கில்தான் (Two-Eyed Seeing, இரு கண்ணாலும் பார்ப்பது).

பின்னணி இது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்துக் கேப் பிரெட்டன் தீவில், மிக்மா என்ற பூர்வகுடி மக்களின் ஊரான எஸ்கசோனி இருக்கிறது. அவ்வூர் மூத்தோர் ஆல்பர்ட் மார்ஷல், மர்டீனா மார்ஷல் இருவரும் கேப் பிரெட்டன் பல்கலைக்கழக உயிரியலாளர் செரில் பார்ட்லெட்டும் 2004 வாக்கில் இந்தக் கருத்தைக் கல்வி உலகுக்குக் கொண்டுவந்தார்கள். மிக்மா மொழியில் ‘எடுவாப்டுமும்க்’. ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் வலிமையைப் பார்ப்பது, மறு கண்ணால் மேற்கத்திய அறிவியலின் வலிமையைப் பார்ப்பது, இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவது. ஆல்பர்ட் சிறுவனாக ஷூபனகாடி உறைவிடப் பள்ளியில் அடைக்கப்பட்டவர். பிள்ளைகளின் தாய்மொழியைப் பிடுங்கவென்றே நடந்த பள்ளி அது. அங்கிருந்து வந்தவர் ‘உங்கள் அறிவு வேண்டாம்’ என்று சொல்லாமல் ‘இரண்டும் வேண்டும்’ என்கிறார். சொல் தேடும்போது இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

என் கையில் இப்போது மூன்று இருக்கின்றன: இரட்டைப் பார்வை, இருவிழிப் பார்வை, அல்லது மிக்மா சொல்லை அப்படியே எழுதிவிடுவது. ‘ஒருங்கிணைந்த அறிவு’, ‘கலப்பறிவு’ போன்றவற்றை முதலிலேயே தள்ளிவிட்டேன். இங்கே எதையும் எதோடும் அரைத்துக் கலப்பதில்லை.

* * *

> இரட்டைப் பார்வை

தயவுசெய்து வேண்டாம்! டாக்டராகச் சொல்கிறேன், கண் மருத்துவத்தில் அது ஒரு கோளாறின் பெயர். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பெரும்பாலும் இரு கண்ணும் ஒன்றோடொன்று ஒத்துழைக்காதபோது வருவது. நீங்கள் சொல்லவந்ததற்கு நேர் எதிர்.

ஆனால் மூத்தோர் பிடித்த உவமை மருத்துவப்படியும் சரியானது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், ஆழம் பிடிபடாது. இரு கண்ணும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால்தான் தூரம் தெரிகிறது. இரண்டு கண்ணும் ஒரே படத்தைக் கொடுத்தால் இரண்டாவது கண்ணே தேவையில்லை.

* * *

ஐயா, டாக்டர் சொன்னதோடு என் பங்குக்கு.

‘விழி’ பாட்டுக்காரர்கள் சொத்து. ‘இருவிழிப் பார்வை’ என்றதும் என் மாணவர்கள் காதல் பாட்டு என்றுதான் நினைப்பார்கள். ‘கண்’ போதும்.

ஆனால் கண்ணிலும் ஒரு வம்பு உண்டு. ‘எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்’ என்று படித்து வளர்ந்த நமக்கு, இரண்டு கண்கள் என்றாலே இரண்டும் அருமையானவை என்றுதான் முதலில் தோன்றும். மேடையில் ‘தாய்மொழியும் ஆங்கிலமும் நம் இரு கண்கள்’ என்று பேசிவிட்டு இறங்குவார்களே, அந்தப் பொருள். இங்கே வேண்டியது மரியாதை மட்டுமில்லை, இரண்டாலும் பார்க்கிற வேலை. அதனால் வினை இருந்தாக வேண்டும். மிக்மா சொல்லும் வினைதானே? ‘பார்வை’ என்றால் கருத்து, கோணம் என்று நீர்த்துப்போகும்.

‘இருகண் காண்டல்’ எனலாம் என்று பார்த்தேன். ஆனால் அறிவு எப்படிக் கிடைக்கிறது என்று பேசும் அளவை நூல்களில் காண்டல், கருதல் (ஊகித்தல்), உரை (பெரியோர் சொல்) என்ற வரிசையில் அது நேரடிப் புலனறிவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மூத்தோர் வாய்மொழி ‘உரை’யில் அல்லவா வரும்? குழப்பம். ‘இருகண் நோக்கு’ என் தேர்வு. நோக்கு பெயராகவும் நிற்கும், ‘நோக்கினர்’, ‘நோக்கி’ என்று வினையாகவும் ஓடும்.

நடப்பில் பல இடங்களில் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது வேறு கதை. ஆய்வறிக்கை முன்னுரையில் மூத்தோருக்கு நன்றி, முடிவுரையில் அவர்கள் சொன்ன ஒன்றையும் காணோம். சொல்லை நாம் கொடுக்கலாம், அதைக் காப்பாற்ற முடியாது.

* * *

நன்றி. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். கையேட்டில் விலாங்கு மீன் பற்றி ஒரு பகுதி வருகிறது. மிக்மா மொழியில் ‘கட்’. குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளையிட்டு, சேற்றில் புதைந்து கிடக்கும் விலாங்கை ஈட்டியால் குத்தி எடுப்பார்கள். இறைச்சி உணவு, தோலைச் சுளுக்குக்குக் கட்டுவார்கள், காயக் காய இறுகிப் பிடிக்கும். எந்தச் சேற்றில் கிடக்கும், எந்த ஆண்டு குறைந்தது என்பது பிடிப்பவர்களுக்குத் தெரியும். இதே மீனை 2012இல் கனடாவின் அழியும் உயிரினங்களுக்கான குழு ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்று மதிப்பிட்டது. அது எண்ணிக்கைக் கணக்கு பார்க்கும் கண்.

‘ஆய்வாளர்களும் மீனவர்களும் விலாங்கை இருகண் நோக்கில் ஆராய்ந்தார்கள்.’ இது ஓடுகிறது. ‘இருவிழிப் பார்வையில் ஆராய்ந்தார்கள்’ என்று போட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மூலச்சொல்லை முதல் இடத்தில் மட்டும் தருகிறேன். ககர மெய்யில் முடிகிற சொல்லைத் தமிழ் வாய் விடாது, நாலாவது பக்கத்தில் ‘எடுவாப்டுமுங்கு’ ஆகிவிடும். ஆனால் சொல் யாருடையது என்பது போகக் கூடாது.

இன்னொன்று: ஒருவர் தனிமடலில் ‘பழங்குடி’ என்றே போடச் சொன்னார். இந்தியாவில் அது பட்டியல் பழங்குடியினர் என்ற சட்டப் பொருளோடு ஒட்டிக்கொண்டது. இங்கே பூர்வகுடி என்றே பழகிவிட்டோம், அப்படியே விடுகிறேன்.

சொற்பட்டியலில் இப்படிப் போகும்:

இருகண் நோக்கு: (மிக்மா: எடுவாப்டுமும்க்) பூர்வகுடி அறிவையும் மேற்கத்திய அறிவியலையும் ஒன்றில் ஒன்றைக் கரைக்காமல், இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தி நோக்குதல்.

‘கரைக்காமல்’ இருக்கட்டுமா, எடுக்கட்டுமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.