மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர் 200: விமானக் கூண்டில் செய்த வண்டியா?

பொள்ளாச்சிக்காரன்:
போன வாரம் ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்தில் இந்த வண்டியைப் பார்த்தேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும், மேலே கண்ணாடி போல ஒரு மூடி. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய விமானக் கூண்டுகளை (விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி) எடுத்து வைத்ததாகக் கூட வந்த நண்பர் சொன்னார். உண்மையா? ரிவர்ஸ் கியரும் கிடையாதாம். அப்புறம் எப்படிப் பின்னால் எடுப்பார்கள்?

தென்றல்72:
நிறுவனம் விமான நிறுவனம்தான். போருக்குப் பிறகு ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை இருந்ததால் ரேகன்ஸ்பர்க் ஆலையில் இதைச் செய்தார்கள். கூண்டுக் கதை அதிலிருந்து கிளம்பியிருக்கும்.

ஸ்பேனர்:
கூண்டுக் கதையை நம்பாதீர்கள். அந்த மூடி இந்த வண்டிக்கென்றே வார்த்த பிளெக்ஸிகிளாஸ், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். இந்த வண்டியின் மூலம் போர்விமானம் அல்ல, போரில் கால் இழந்தவர்களின் வண்டி. ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற விமானப் பொறியாளர் 1948 வாக்கில் அவர்களுக்காக ‘ஃப்ளிட்சர்’ என்று ஒரு சின்ன மூன்று சக்கர வண்டி செய்தார். கால் நன்றாக இருந்தவர்களும் அதைக் கேட்டு வர, இரண்டு பேர் போகும்படி வளர்த்தார். அதுதான் 1953-இல் கேஆர் 175, 1955-இல் கேஆர் 200. இதைச் சொல்லாமல் விமானத்தை மட்டும் சொல்வது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ரிவர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நான் இருப்பது ஜெர்மனியில்தான். பக்கத்துத் தெருப் பெரியவரிடம் ஒரு கேஆர் 200 இருக்கிறது, சனிக்கிழமைகளில் அவருக்குக் கூடமாட வேலை செய்வேன். எஞ்சின் சாக்ஸ் நிறுவனத்தின் 191 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். இதில் வால்வு கிடையாது. பிஸ்டனே ஏறி இறங்கித் துவாரங்களைத் திறந்து மூடும். அதனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓடும், தீப்பொறி விழும் நேரம் மட்டும் மாற வேண்டும். அதற்குத் தனியாக இன்னொரு பாயின்ட் செட் (தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சுவிட்ச்) உண்டு. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை வழக்கத்தைவிட ஆழமாக அழுத்தித் திருப்பினால் எஞ்சின் தலைகீழாகச் சுற்றும். நான்கு கியரும் பின்னோக்கி வேலை செய்யும்! பெரியவர் ஒவ்வொரு முறையும் கிளட்சை ஒரு விரற்கடை மட்டும் விட்டு, வண்டி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்த பிறகுதான் முழுசாக விடுவார்.

பொள்ளாச்சிக்காரன்:
அருமை. நெடுந்தூரம் தாங்குமா?

ஸ்பேனர்:
தாங்கும். 10 குதிரைத்திறன்தான், ஆனால் வண்டியே 230 கிலோ சொச்சம். 1955-இல் ஹாக்கன்ஹைம் பந்தயத் தடத்தில், மாற்றியமைத்த ஒரு வண்டியை 24 மணி நேரம் ஓட்டி, மணிக்குச் சராசரி 103 கிமீ எடுத்தார்கள். கோடை வெயில்தான் கஷ்டம், மூடிக்குள் வெந்துவிடுவோம். 1956-இல் நிறுவனம் விமானத்துக்கே திரும்பியது. ஃபெண்ட் விடவில்லை, 1964 வரை அதே ரேகன்ஸ்பர்க்கில் செய்தார். மறுபடி பார்க்க வாய்த்தால் ஸ்டியரிங்கைக் கவனியுங்கள். வட்டமாக இருக்காது, பைக் ஹேண்டில்பார் மாதிரி இருக்கும். லேசாக அசைத்தாலே முன்சக்கரம் திரும்பிவிடும்.