ஐ3-இல் தமிழுக்கு மாறினால் எழுத்து ஷார்ட்கட்டுகள் மட்டும் நின்றுவிடுகின்றன, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் விண்டோக்களைப் பெரும்பாலும் விசைகளாலேயே கையாளும் ஐ3 விண்டோ மேனேஜருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தமிழுக்கு எஃப்9, ஆங்கிலத்துக்கு எஃப்10 என்று கான்ஃபிக் கோப்பில் இரண்டு பைண்ட்சிம் வரிகள் (விசையோடு ஒரு கட்டளையை இணைப்பவை) வைத்திருக்கிறேன். ஒன்று விசைப்பலகை லேஅவுட்டை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையை 'இன்' (இந்திய) லேஅவுட்டோடு ஓட்டும், மற்றது 'யூஎஸ்' லேஅவுட்டோடு. தமிழுக்கு மாறியதும் சூப்பர்+டி அழுத்தினால் டிமெனு (நிரல்களைத் தேடித் திறக்கும் பட்டி) வருவதில்லை. சூப்பர்+ஷிப்ட்+க்யூ விண்டோவை மூடுவதில்லை. ஆனால் சூப்பர்+என்டர் டெர்மினலைத் திறக்கிறது, சூப்பர்+1, 2 என்று வொர்க்ஸ்பேஸும் மாறுகிறது. கான்ஃபிக்கில் பிழை என்றால் எல்லாமே நின்றிருக்க வேண்டாமா? பாதி எழுதும்போது ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்குப் போய் வருவது கை ஓட்டத்தையே கெடுக்கிறது.

பதில் 1:
எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பிரித்துச் சொன்னீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. பைண்ட்சிம் விசையைத் தேடுவது அது தரும் எழுத்தை வைத்து. டெர்மினலில், அழுத்திய விசையின் விவரம் காட்டும் எக்ஸ்இவி நிரலை ஓட்டி, டி விசையை இரண்டு மொழியிலும் அழுத்திப் பாருங்கள். கீகோட், அதாவது விசையின் எண், இரண்டிலும் ஒன்றுதான், வழக்கமாக 40. பக்கத்தில் வரும் கீசிம், அதாவது விசை தரும் எழுத்து, மட்டும் மாறும். தமிழ்99 விசைப்பலகையில் அந்த இடத்தில் இருப்பது 'உ'. என்டருக்கும் எண்களுக்கும் அந்த மாற்றம் இல்லை, அதனால் அவை தப்பித்தன. பைண்ட்சிம்முக்குப் பதில் பைண்ட்கோட் என்று போட்டு எண்ணைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பதில் 2:
பைண்ட்கோட் வேலை செய்யும், ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன். கோப்பு முழுக்க 40, 24, 54 என்று இருந்தால் ஆறு மாதம் கழித்து எது எதற்கென்று நினைவிருக்காது. எஃப்9 அழுத்தும்போது ஆங்கில லேஅவுட்டே போய்விடுகிறது, ஐ3-உம் புதிய லேஅவுட்டில் டி-யைத் தேடி ஏமாறுகிறது. இரண்டு லேஅவுட்டையும் காற்புள்ளி போட்டு ஒரே கட்டளையில் கொடுங்கள். மாற்றுவதற்கு ஆப்ஷனில் கேப்ஸ் டாகிள் (கேப்ஸ் லாக் விசையால் மாற்றுவது) போதும். ஆல்ட்+ஷிப்ட் வேண்டாம், மாட் விசையை (ஐ3 ஷார்ட்கட்டுகளின் முதன்மை விசை, உங்களுக்கு சூப்பர்) ஆல்ட்டாக வைத்திருப்பவர்களுக்கு ஷிப்ட் சேர்ந்த ஷார்ட்கட் எல்லாவற்றோடும் மோதும்.

கேட்டவர்:
செய்தேன், ஆனால் இப்போது ஆங்கிலத்தில்கூட டிமெனு வரவில்லை! அதிகம் எழுதுவது தமிழில் என்பதால் 'இன்,யூஎஸ்' என்று கொடுத்தேன். நல்லவேளை, என்டர் ஷார்ட்கட் இருப்பதால் டெர்மினலாவது திறக்கிறது.

பதில் 2:
வரிசைதான் காரணம். ஐ3 ஷார்ட்கட் எழுத்துகளைத் தேடுவது முதல் லேஅவுட்டில் மட்டும். அங்கே கிடைத்துவிட்டால் நீங்கள் எந்த மொழியில் இருந்தாலும் ஷார்ட்கட் வேலை செய்யும். உங்கள் முதல் லேஅவுட்டில் டி என்ற எழுத்தே இல்லையே. 'யூஎஸ்,இன்' என்று திருப்புங்கள். வேரியன்ட்டையும் (லேஅவுட்டின் உள்வகை) அதே வரிசையில் கொடுக்க வேண்டும்: ஆங்கிலத்துக்கு ஒன்றும் வேண்டாம், ஆகவே வெறும் காற்புள்ளியில் தொடங்கி, அப்புறம் தமிழ்99-க்கான தமிழ்நெட். இன்னொன்று, பழைய ஆப்ஷன்கள் தானாகப் போகாது, புதியது அவற்றோடு சேரும். முதலில் ஒரு காலி ஆப்ஷன் கொடுத்துத் துடைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது! தமிழில் எழுதிக்கொண்டே சூப்பர்+டி, டிமெனு கண்முன் நிற்கிறது. மிக்க நன்றி. அந்த வரியை எக்ஸெக்_ஆல்வேஸ் (ஐ3 தொடங்கும்போதும் ரீஸ்டார்ட் ஆகும்போதும் ஓட்டுவது) போட்டு கான்ஃபிக்கில் சேர்த்து, சூப்பர்+ஷிப்ட்+ஆர் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். எஃப்9, எஃப்10 வரிகளை நீக்கிவிட்டேன். கூடவே ஒரு சந்தேகம்: திரையின் ஒரு பகுதியை மட்டும் படம் பிடிக்க இமேஜ்மேஜிக்கின் இம்போர்ட் கட்டளையை ஒரு ஷார்ட்கட்டில் வைத்தேன். டெர்மினலில் ஓடுகிறது, ஷார்ட்கட்டில் ஒன்றுமே நடப்பதில்லை.

பதில் 1:
நீங்கள் விசையை அழுத்தியிருக்கும் அந்த நொடியில் விசைப்பலகையும் மவுஸும் இன்னும் ஐ3 பிடியில் இருக்கும். இம்போர்ட்டுக்கும் அதே பிடி வேண்டும், கிடைக்காமல் வெளியேறிவிடுகிறது. பைண்ட்சிம்முக்கு அடுத்து இரண்டு சிறு கோடு (--) போட்டு ரிலீஸ் என்று சேருங்கள். விசையை விட்ட பிறகே கட்டளை ஓடும்.

பதில் 3:
ஸ்வேயில் (வேலண்டில் ஓடும், ஐ3 போன்ற விண்டோ மேனேஜர்) இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே செட்எக்ஸ்கேபிமேப் கிடையாது, லேஅவுட்டை இன்புட் பகுதியில் கொடுக்க வேண்டும். பைண்ட்சிம்மோடு டு-கோட் சேர்த்தால், எழுத்தாக எழுதியதை முதல் லேஅவுட்டைப் பார்த்து அதுவே கீகோடாக மாற்றிக்கொள்ளும். அங்கேயும் ஆங்கிலம்தான் முதலில்.

கேட்டவர்:
ரிலீஸ் சேர்த்தேன், படம் பிடிக்கிறது. இழையைத் தீர்ந்ததாகக் குறித்துவிடுகிறேன்.