பொருள்: பத்து கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள சொந்தங்களே, வணக்கம்.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் பத்து கம்ப்யூட்டரும், ஊருக்கென்று தனியாக ஒரு செயலியும் செய்து கொடுக்கலாம் என்று துபாய்த் தம்பி எழுதியதையும், டொராண்டோ அண்ணன் அதை ஆமோதித்ததையும் படித்தேன். ஊர்மேல் இருக்கிற பாசத்தில்தான் இரண்டு பேரும் சொல்கிறார்கள். ஆனாலும் சங்கப் பணத்தை எடுப்பதற்கு முன்னால் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று, அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். நம்மைப் போலப் பிழைக்கப் போனவர். அங்கே டிவியில் கடல் பொங்கிய செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அறிவு மையம் இருந்தது, கம்ப்யூட்டரும் ஒலிபெருக்கியும் வைத்து ஊருக்குத் தகவல் சொல்கிற இடம். பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 3,000 பேருக்கு மேல் உயிர் பிழைத்தது.

அந்தப் போன் ஒன்று மட்டும் ஊரைக் காப்பாற்றியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். 1998 முதலே புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் இந்த மையங்களைத் தொடங்கிவிட்டார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, கரையிலிருந்த ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நாளைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பது வலை இழுக்கிறவர் காதுக்கே வந்தது. அவர் கம்ப்யூட்டர் பக்கமே போனவரில்லை. மையத்தைப் பார்த்துக்கொண்டவர்களும் அந்தந்த ஊர்க்காரர்கள், அதிலும் பெண்கள் நிறைய. இப்படி ஒலிபெருக்கியை நம்பிப் பழகிய பகுதி என்பதால்தான், அன்றைக்குக் குரல் கேட்டதும் ஜனங்கள் ஓடினார்கள்.

மதுரை மாவட்டம் மேலூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடி கண்டுபிடித்த கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தை வைத்து, 2001 முதல் கிராமம் கிராமமாக இணைய மையங்கள் வந்தன. ஹார்வர்டு, எம்ஐடி என்று பெரிய பெரிய இடங்கள் கூட நின்றன. பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று எதற்கும் தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறாமல் உள்ளூரிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்ற நிலை வந்தது. ஜனங்களும் விரும்பிப் பயன்படுத்தினார்கள். பிறகு, அதை முன்னின்று நடத்திய அதிகாரிகள் மாறுதலாகிப் போனார்கள். வந்தவர்களுக்கு அது தங்கள் வேலையாகத் தெரியவில்லை. விண்ணப்பம் போகும், பதில் வராது. கொஞ்ச காலத்தில் சேவையே நின்றுவிட்டது. மையங்களும் ஒவ்வொன்றாக மூடின. கருவி, இணைப்பு, பணம், படித்தவர்கள் எல்லாம் இருந்த இடம் அது. அந்த வேலையைத் தன் வேலையாக நினைக்கிற ஆள்தான் மறுமுனையில் இல்லாமல் போனார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பொங்கலுக்குப் போனவன் இந்த முறை ஜனவரி 26 கிராம சபை வரை தங்கினேன். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மேலே மஞ்சள் துண்டு போர்த்தியிருந்தார்கள். துண்டை விலக்கினால் திரையின் மூலையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் அப்படியே இருந்தன. செயலர் நல்ல மனிதர். இரண்டு ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிறார், உட்கார நேரமில்லை. பத்து கம்ப்யூட்டர் வந்தால் பத்து துண்டு வேண்டியிருக்கும் என்று நிஜமாகவே கவலைப்பட்டேன்.

அன்று ராத்திரி அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் போனில் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைத் திறந்தேன். 2020 ஏப்ரல் 24 முதல் நடப்பில் இருக்கிற தளம். எந்த ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கடவுச்சொல் கூடக் கேட்காது. நம் ஊர்க் கணக்கும் இருந்தது, எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தில். ‘ஓஎச்டி ரிப்பேர்’ என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை. இரண்டு பக்கத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, நகல் எடுத்து, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டினேன். ‘மேல்நிலைத் தொட்டி பழுது நீக்கம்’ என்று எழுதியிருந்தேன்.

கிராம சபையில் கீழத்தெரு அத்தை எழுந்து, “எந்தத் தொட்டிப்பா? தெற்குத் தெருத் தொட்டியா, காலனித் தொட்டியா?” என்று கேட்டார். அதுவரை மினிட் புக்கில் கையெழுத்து வாங்குவதற்கென்றே நடந்த கூட்டம் சட்டென்று உயிர் பெற்றது. செயலர் ரசீதோடு வந்து பதில் சொன்னார். காலனித் தொட்டிதான். வேலையும் நடந்திருக்கிறது. இரண்டு வருஷமாக ‘தொட்டிக் காசு போச்சு’ என்று ஊரில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அன்றோடு முடிந்தது. கணக்கை வெளியே வைத்தால் தப்பு செய்கிறவர் மாட்டுவார் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். ஒழுங்காக வேலை செய்தவருக்கும் அது எவ்வளவு பெரிய காவல் என்பதை அங்கேதான் பார்த்தேன். செயலர் முகத்தில் தெரிந்த நிம்மதி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஒருவர் தெருவிளக்குக்கு ஏன் அந்தப் பணத்தை எடுக்கவில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார். அது மத்திய அரசு ஊராட்சிகளுக்குக் கொடுக்கும் 15ஆவது நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரைக்கான அந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும்தான் செலவழிக்கலாம் என்று விதி. மீதி 40இல்தான் மற்றவை. அதையும் சுவரில் எழுதியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

நான் கேட்பது இதுதான். கம்ப்யூட்டருக்கு ஒதுக்க நினைத்த பணத்தில், ஊரிலேயே இருக்கிற, டிகிரி முடித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு வருஷம் அரைநாள் வேலைக்குச் சம்பளம் கொடுப்போம். வருஷத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னால் ஊர்க் கணக்கைத் தமிழில் எழுதி மூன்று இடத்தில் ஒட்டட்டும், கோயில் மைக்கில் வாசிக்கட்டும், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் போடட்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவே, இப்படிப்பட்ட விவரங்களை அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அதனால் யார் முறைப்பார்களோ என்று அந்தப் பெண் பயப்பட வேண்டியதில்லை. செயலரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

அதே பெண் காலையில் தமிழக அரசின் உழவன் செயலியில் சந்தை விலையைப் பார்த்துச் சொல்லலாம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் கோபுரங்கள் வந்தபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அதற்கு முன்னால், ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கடலில் கொட்டுவார்கள், அதே காலையில் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நிற்பார்கள். போன் வந்த பிறகு, கடலிலிருந்தே கேட்டுவிட்டுக் கரை சேர்ந்தார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. நம் கத்தரிக்காய்க்காரர்கள் இன்றைக்கும் லாரிக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். எங்க சித்தப்பாவும்தான்.

நான் ஒட்டிய அந்த இரண்டு பக்கத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன். ரேஷன் கடையில் ஒட்டியதன் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘குளம்?’ என்று எழுதியிருக்கிறார்கள், பாருங்கள். அதற்கு மார்ச் 22இல் பதில் வைக்க வேண்டும். அந்தச் சுருக்கெழுத்துகளைத் தமிழாக்க, ஊராட்சிக் கணக்கு தெரிந்த இரண்டு பேர் வேண்டும். சிங்கப்பூர் மதினி தணிக்கை வேலையில் இருப்பதால் அவர் பெயரை நானே எழுதிக்கொண்டேன். இன்னொருவர் யாரென்று சொல்லுங்கள்.